குடை செக்‌ஷனில் நில்லு

சனிக்கிழமை மாலை 4.37.

நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் போனில் இருக்கிறது. 'உங்கள் பொருள் உங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறது' என்று மெசேஜ் வந்த நேரம் அது. பொருள் என்பது ஒரு குடை. பொத்தானை அமுக்கினால் தானே விரிந்து தானே மடங்கும் நீல நிறக் குடை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மழையும் தொடங்கிவிட்டது என்று மகளுக்காக ஆன்லைனில் ஆர்டர் செய்திருந்தேன். அது ஆலுவாவில் கண்விழித்து, வைட்டிலாவைக் கடந்து, எங்களைத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்துகொண்டிருந்தது. மேப்பைத் திறந்தால் ஒரு குட்டி வண்டிப் படம் மெல்ல மெல்ல நகர்கிறது. கடைத்தெரு நடுவில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு வசதி! என்ன ஒரு விஞ்ஞானம்!

தலையை நிமிர்த்தினேன். மகளைக் காணோம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மகள் ஒரு தும்மல் போட்டால் தெர்மாமீட்டர் தேடுகிறவன். ஸ்கூல் பஸ் கொஞ்சம் தாமதமானால் டிரைவருக்கு மட்டுமல்ல, அவர் மனைவிக்கும் போன் போடுகிறவன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா?

ஒன்றும் செய்யவில்லை. பதறவே இல்லை.

அதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

நந்தினிக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைதோறும் வயலின் வகுப்பு. வழக்கமாக என் மனைவி கீதா ஸ்கூட்டரில் கொண்டுவிட்டு அழைத்து வருவாள். அன்று அவளுக்கு எர்ணாகுளத்தில் ஆபீஸ். ஸ்கூட்டரும் அவளோடு போய்விட்டது. அதனால் வகுப்பு முடிந்து நானும் நந்துவும் நடந்தே திரும்பினோம். அவள் தோளில் வயலின் பெட்டி. வழியில் ஒரு லாரி தெருவை அடைத்துக்கொண்டு அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு டூரிஸ்ட் கூட்டம். முன்னால் கொடி பிடித்த கைடு, பின்னால் முப்பது தொப்பிகள். அந்த நேரம் பார்த்து மழை. தூறல் எல்லாம் இல்லை... வாளியைக் கவிழ்த்தது போல. லாரிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள். இடையில் முப்பது தொப்பிகள்.

தொப்பிகள் கடந்து போனபோது அந்தப் பக்கத்தில் யாருமில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. நந்துவுக்கு நாலு வயதாக இருக்கும்போது இயற்றப்பட்டது.

மட்டாஞ்சேரியில் ஒரு பெரிய கடை உண்டு. பெயர்ப் பலகையில் வேறு ஏதோ பெயர் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது 'மூணுநிலை'தான். மூன்று மாடி. கீழே பாத்திரம், குக்கர், குடை. நடுவில் துணி. மேலே பொம்மை, சூட்கேஸ், கல்யாணத்துக்குக் கொடுக்கிற கண்ணாடிச் சாமான். ஒரு எஸ்கலேட்டர் உண்டு. அது மேலே மட்டும்தான் போகும். இறங்குவதற்குப் படி. ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். 'மேலே ஏத்தி விடறதுதான் சார் எங்க வேலை. சாமான் வாங்கினவங்க தானா இறங்கிடுவாங்க' என்றார் அங்கிருந்த ஊழியர்.

ஓர் ஓணம் சீசன் கூட்டத்தில் நந்துவை அங்கே தொலைத்தோம். நான் இரண்டாவது மாடியில் சூட்கேஸ்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன் (ஆமாம், உள்ளே இருக்கிறாளா என்று!). அப்போது மைக்கில் அறிவிப்பு வந்தது: 'மஞ்சள் பிராக் போட்ட ஒரு குழந்தை குடை செக்‌ஷனில் இருக்கிறது. அப்பா பேர் அப்பா என்கிறது.' ஓடினேன். வாசலை ஒட்டிய குடை செக்‌ஷனில், விற்பனைக்கு நிற்கும் சேச்சி ஒரு பெரிய குடையை விரித்து வைத்து, அதன் கீழே நந்துவை உட்கார்த்தி, கையில் நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்திருந்தார். ராணி மாதிரி இருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஏமாற்றம்தான் தெரிந்தது முகத்தில்.

அன்று இரவே சட்டம் வந்தது. யார் தொலைந்தாலும் சரி, எங்கே தொலைந்தாலும் சரி, நேரே மூணுநிலைக்குப் போ. குடை செக்‌ஷனில் நில்லு. நகராதே.

நம்பினால் நம்புங்கள், பலமுறை உபயோகப்பட்டது. கோயில் உற்சவத்தில் ஒருமுறை. திடீரென்று பஸ் ஓடாமல் போன ஒரு நாளில் ஒருமுறை. போனை வீட்டில் மறந்துவிட்டு வந்த கீதாவே ஒருமுறை. (அவள் அதைத் 'தொலைந்தது' என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 'நான் குடை பார்த்துண்டிருந்தேனாக்கும்' என்பாள்.)

ஆகவே அன்றும் கவலைப்படவில்லை. நந்துவிடம் போன் கிடையாது. ஆனால் சட்டம் தெரியும். நேரே மூணுநிலைக்குப் போயிருப்பாள். மழை குறையட்டும் என்று ஒரு மளிகைக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். நின்றவன் சும்மா நிற்கவில்லை. குடை எங்கே வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.



மழை லேசாக விட்டதும் நடந்தேன். திரும்பினால் மூணுநிலை. திரும்பினேன். கட்டடம் இருந்தது. மூன்று மாடியும் இருந்தது. ஆனால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் நனைந்த நாய் ஒன்று படுத்திருந்தது. ஷட்டரில் ஒரு நோட்டீஸ். எனக்கு மலையாளம் கொஞ்சம் நிதானமாகத்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இத்தனை வருட ஆதரவுக்கு நன்றி. இனி நாங்கள் ஆன்லைனில்.'

ஆன்லைனிலா? தொலைந்துபோன குழந்தை எந்த வெப்சைட்டில் போய் நிற்கும்?

நந்து அங்கே இல்லை. நாயைத் தவிர யாருமே இல்லை.

எதிரே பஷீரிக்காவின் சாயாக் கடை. எனக்கு நெடுநாள் பழக்கம். வயதில் மூத்தவர் என்பதால் நானும் 'இக்கா' என்றுதான் கூப்பிடுவேன். தமிழ் பேசுகிற எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'ஸ்வாமி'தான்.

"எந்தா ஸ்வாமீ, இப்படி நனைஞ்சு நிக்கறது? கேறி வா, ஒரு சாயா குடி."

"இக்கா, கடை... எப்ப...?"

"அறிஞ்சில்லையா? விஷு கழிஞ்சு பூட்டியாச்சு. ரெண்டு மாசமாச்சே!"

ரெண்டு மாசம்! வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். ஊரின் மிகப் பெரிய கடை மூடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஒன்றும் வரவில்லை. சோப்பு வீட்டுக்கு வந்தது. சட்டை வீட்டுக்கு வந்தது. குக்கருக்கு ரப்பர் வளையம்கூட ஓர் ஆளுயரப் பெட்டியில் அடைபட்டு வீட்டுக்கு வந்தது.

"என் பொண்ணைப் பார்த்தீங்களா? வயலின் பெட்டி வெச்சிருப்பா. இங்கே வந்திருக்கணும்."

பஷீரிக்கா பாய்லரை விட்டு வெளியே வந்தார். "இந்த வாசல்லயா? ஆரும் வரலியே ஸ்வாமீ. நான் இங்கதானே இருக்கேன்."

அப்போதுதான், வாசகர்களே, பதற்றம் வந்தது. அதுவரை வராததற்கும் சேர்த்து வந்தது.

கீதாவுக்குப் போன் செய்தேன்.

"பேடிக்காதீங்கோ" என்றாள். பயப்படாதீர்கள் என்பதை அவள் மலையாளம் கலந்து இப்படித்தான் சொல்வாள். அவளுக்கு இதுதான் முதல் வார்த்தை, எதற்கும். "அவ சமர்த்தாக்கும். குடை செக்‌ஷன்ல பார்த்தேளா?"

"குடை செக்‌ஷனே இல்லை!"

"எடுத்துட்டாளா? அப்ப குக்கர் பக்கத்தில பாருங்கோ."

"கீதா, கடையே இல்லை! மூடிட்டா!"

"நான் கிளம்பறேன்" என்றாள். அந்தக் குரலில் 'பேடிக்காதீங்கோ' இல்லை. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். தேடிப் போவதா, நிற்பதா? தேடிப் போனால் அவள் இங்கே வந்துவிடலாம். நின்றால் அவள் எங்கேயோ அழுதுகொண்டிருக்கலாம். சட்டம் சொல்கிறது: நகராதே. ஆனால் சட்டம் எழுதியவன் கடை மூடும் என்று நினைக்கவில்லையே.

பஷீரிக்கா தெருவையே கூட்டிவிட்டார். ஓர் ஆட்டோக்காரரை எங்கள் வீட்டுப் பக்கம் அனுப்பினார். அவர் போய்வந்து, வீடு பூட்டியிருக்கிறது, திண்ணையில்கூட யாரும் இல்லை என்றார். பஷீரிக்கா அவரையே மூணுநிலைக்குப் பின்னால் இருக்கும் சந்திலும் பார்த்துவரச் சொன்னார். "அவிடெ வேனும் பெட்டியும் மாத்ரம்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார் ஆட்டோக்காரர். படகு ஜெட்டிப் பக்கம் இன்னொருவர் போனார்.

ஜெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் என் நினைப்பு எங்கெங்கோ போயிற்று. பக்கத்தில் காயல். மழை. வயலின் பெட்டி தூக்கிய ஒரு சின்னப் பெண்... வேண்டாம். எழுதவில்லை. பெற்றவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும்.

மழை மறுபடி பிடித்துக்கொள்ள, மூணுநிலை வாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கி ஷட்டரில் சாய்ந்து நின்றேன். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தெரிந்த முகம்தான். மூணுநிலையின் முதல் மாடியில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த சுந்தரம். திருநெல்வேலிக்காரர், இந்த ஊரில் முப்பது வருடம் ஆனாலும் பேச்சு மாறாதவர். கடை மூடிய பிறகு வேறொரு இடத்தில் பாதி நாள் வேலை. ஆனாலும் மாலையானால் சாயாவுக்கு இங்கேதான் வருகிறார். கால் தானாக வந்துவிடுகிறதாம்.

"பயப்படாதீய சார். பொட்டப்புள்ள கெட்டிக்காரியா இருக்கும். வந்துரும்."

"ஏன் சுந்தரம் மூடினாங்க? எப்பப் பார்த்தாலும் கூட்டமாத்தானே இருக்கும்?"

நான் ஏன் அந்த நேரத்தில் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏதாவது பேசாவிட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"கூட்டத்துக்கு என்ன சார் குறை? மழை வந்தா ஒதுங்க வந்தாவ. வெயில் வந்தா ஏசிக்கு வந்தாவ. பாத்ரூம் எங்கன்னு கேட்டு வந்தாவ. பொண்ணு பாக்க வந்தாவ சார்! மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், பொண்ணு வீடு ஒரு பக்கம், நடுவுல நான் புடவையை விரிச்சுக்கிட்டு நிக்கேன். எத்தனை கல்யாணம் என் கவுண்டர்ல முடிஞ்சிருக்கு தெரியுமா? முகூர்த்தப் புடவை மட்டும் கூரியர்ல வந்திருச்சு."

பஷீரிக்கா சாயாவை நீட்டியபடி சிரித்தார். "ஸ்வாமி கடைசியா எந்தா வாங்கியது இவிடெ?"

யோசித்தேன். மனதைக் குடைந்து யோசித்தேன். நந்துவின் ஷூ? இல்லை, இங்கே அளவு போட்டுப் பார்த்தோம், வாங்கியது போனில். மிக்ஸி? இங்கே சத்தம் கேட்டுப் பார்த்தோம், வாங்கியது போனில்.

"ஒரு... வாளி" என்றேன்.

"மூடியோட உள்ளதா?" என்றார் சுந்தரம்.

"மூடி இல்லாம."

"அப்ப நாலு வருசம் இருக்கும் சார். அதுக்கப்புறம் மூடியோட உள்ளதுதான் வந்துச்சு."

மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பின் நடுவிலேயே கண் கலங்கியது. சுந்தரம் அதைப் பார்க்காத மாதிரி தெருவைப் பார்த்தார்.

"இப்ப கட்டடத்தை என்ன பண்ணப் போறாங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"மேல ரெண்டு நிலையும் சும்மாதான் கெடக்கு. கீழ ஹாலை பார்சல்காரனுவளுக்கு வாடகைக்கு விட்டாச்சு. இந்தப் பக்கம் தொறக்க மாட்டானுவ, பின்னால சந்து வழியாத்தான் எல்லாம். நம்ம கடையைத் தின்னவனுக்கே நம்ம கடை." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

நான் கேட்டுக்கொண்டேன். கேட்டேன், அவ்வளவுதான். மூளைக்குள் போகவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ!"

ஒரு பெண் குரல். பின்னணியில் ஏதோ உருளும் சத்தம். "ஹலோ சாரே, பார்சல் ஹப்பில இருந்நு விளிக்கறது. இவிடெ சாரோட ஒரு..."

குடை! குடை வந்துவிட்டதாம்! மகளைக் காணாமல் நான் நடுத்தெருவில் நிற்கிறேன், குடையை எங்கே கொடுக்க என்று கேட்கிறார்கள்!

"இப்ப வேண்டாம்மா! எனக்கு இப்ப அது முக்கியமே இல்ல! நீங்களே வெச்சுக்கோங்க!"

வைத்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. அதே நம்பர். கட் செய்தேன். மறுபடி. இந்த விடாமுயற்சியை வேறு எதிலாவது காட்டக் கூடாதா இவர்கள்? அந்த நம்பரை பிளாக் செய்தேன். போனில் எதை அமுக்கினால் எது நடக்கும் என்று தெரியாமல் நந்துவைக் கூப்பிடுகிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் ஒரு நொடியில் பிளாக் செய்தேன்.

பிறகு வயலின் டீச்சருக்கு, நந்துவின் சிநேகிதிகளின் அம்மாக்களுக்கு, மறுபடி கீதாவுக்கு, மறுபடி டீச்சருக்கு. கீதாவின் லைன் கிடைத்தால் விடுவதில்லை. அவள் தோப்பும்படிப் பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நின்றாள். 'வந்தாளா?' என்று அவள் கேட்பாள். 'வந்தாளா?' என்று நான் கேட்பேன். பதில் தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தோம். போனை வைக்க இருவருக்கும் பயம்.

இதற்கிடையில் ஒன்றை யோசித்தேன். சொன்னால் சிரிக்காதீர்கள். ஆலுவாவில் புறப்பட்ட ஒரு குடை இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று தெரியாது. நாம் வாங்குகிற ஒவ்வொரு பொருளும் நம்மைத் தேடி வருகிறது. ரொம்ப நல்லது. நானும் ஒன்றும் விட்டுவிடப் போவதில்லை. வயதான மாமியாருக்கு மருந்தும், மழைக்காலத்தில் அரிசியும் வாசலில் வந்து இறங்குவதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நாமாகப் போய் நிற்பதற்கு ஓர் இடம்? 'நீ அங்கே நில்லு, நான் வந்துடறேன்' என்று சொல்ல ஓர் இடம்? அதை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள்? மூணுநிலை அந்தச் சேவையை இத்தனை வருடம் இலவசமாகச் செய்துவந்தது. இலவசம் என்பதால்தானோ என்னவோ, அதை நாம் ஒரு சேவை என்றே நினைக்கவில்லை.

"ஸ்டேஷன்ல சொல்லாம் ஸ்வாமீ" என்றார் பஷீரிக்கா மெதுவாக. அதுவரை சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "நீ இவிடெ நில்லு. நான் ஆளை விடறேன்."

போலீஸில் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. நந்து இன்றைக்கு என்ன நிற உடுப்பு என்று கேட்பார்களே... என்ன நிறம்? காலையிலிருந்து கூடவே இருக்கிறேன். குடையின் நிறம் தெரிகிறது. பெண்ணின் சட்டை நிறம் ஞாபகம் வரவில்லை.

அப்போது மழை நின்றது.

கொச்சி மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெய்வதும் நிற்பதும் குழாயைத் திறந்து மூடுகிற மாதிரிதான். தகரத் தாழ்வாரங்களில் அதுவரை கொட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒரேயடியாக அறுந்தது. தெரு அமைதியானது.

அந்த அமைதியில், என் முதுகுக்குப் பின்னால், ஷட்டருக்கு உள்ளேயிருந்து, ஒரு சத்தம்.

முதலில் பூனை என்று நினைத்தேன். சுந்தரமும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது, "ச்சூ" என்றார். ஆனால் பூனை ஸரிகம பாடாது. மேலே ஏறி, மத்தியமத்தில் வழுக்கி, விழுந்து, மறுபடி எழுந்து... அந்த அபஸ்வரம்! உலகத்தில் எத்தனையோ வயலின்கள் இருக்கலாம், எத்தனையோ பிள்ளைகள் தப்பாக வாசிக்கலாம். அந்த இடத்தில் அப்படி வழுக்க ஒருத்தியால்தான் முடியும். தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவது அந்த ஸ்வரத்தில்தான்.

"நந்தூ!"

இரண்டு கையாலும் ஷட்டரை அடித்தேன். நாய் எழுந்து ஓடியது.

வாசிப்பு நின்றது. "அப்பா?" ஷட்டருக்கு மிக அருகில், என் நெஞ்சுக்கு நேரே, அவள் குரல். "எங்கே இருக்கே?"

"வெளியே! நீ எங்கே இருக்கே?"

"உள்ளே! குடை செக்‌ஷன்ல!"

"நகராதே!"

"நான் நகரவே இல்லை! எத்தர நேரமா நிக்கறேன் தெரியுமோ!"

பஷீரிக்கா படைத்தவனை அழைத்து ஏதோ சொன்னார். சுந்தரம் கும்பிட்டார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். போனில் இன்னும் கீதா இருந்தாள். 'என்ன சத்தம், என்ன சத்தம்' என்று கத்திக்கொண்டிருந்தாள். போனை சுந்தரத்திடம் கொடுத்தேன். "புள்ள கெடைச்சிட்டும்மா, கடைக்குள்ளேயேதான் இருந்திருக்கு" என்றார் அவர். அந்த வரியைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்ததா? எனக்கு அப்படித்தான் கேட்டது.

சந்து முனையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருத்தி நந்து. பச்சைச் சட்டை. இனி சாகும்வரை மறக்க மாட்டேன், பச்சை. பக்கத்தில் கழுத்தில் ஐடி கார்டும் கையில் பார்கோடு படிக்கிற மெஷினுமாக ஓர் இளம்பெண். கார்டில் ஷீபா என்றிருந்தது. ஹப்பின் சூப்பர்வைசராம்.

நந்துவைக் கட்டிக்கொண்டேன். அவள் நெளிந்தாள். பன்னிரண்டு வயதில் தெருவில் கட்டிக்கொண்டால் மானம் போய்விடும்.

"வயலின் நனைஞ்சுடும்னு சந்து வழியா ஓடி வந்தேன் அப்பா. பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரே பெட்டியாக் கிடந்தது. ஸ்டாக் எடுக்கறான்னு நினைச்சேன். முன்னாடி கண்ணாடி வெச்ச தூண் இருக்கே, அது மட்டும் அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்திலதானே குடை செக்‌ஷன்? அங்கே நின்னேன். இந்தச் சேச்சி வந்து, 'என்ன ஐட்டம் எடுக்கணும்'னு கேட்டா. 'நான் தொலைஞ்சுபோயிருக்கேன், அப்பா வருவார்'னு சொன்னேன்."

"நம்பர் சொல்ல வேண்டியதுதானேடி!"

"சொன்னேனே! சேச்சி விளிச்சாளே! நீதான், 'எனக்கு அது முக்கியமே இல்ல, நீங்களே வெச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டியாம்."

பஷீரிக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சுந்தரம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது.

"அம்மா நம்பருக்கு?"

"எப்பவும் பிஸி!"

என்னோடுதான் பிஸி. அவளைக் காணோம் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததால்தான் அவளால் எங்களைக் காண முடியவில்லை.

ஷீபாவிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா, எது முதலில் என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாக வந்து, இரண்டும் புரியாமல் போயிற்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையிலிருந்த மெஷினை நந்துவின் நெற்றிக்கு நேரே பிடித்து ஒரு தடவை 'பீப்' அடித்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாள்:

"சாரே, பார்கோடு இல்ல, ஆனா அட்ரஸ் கடகடன்னு சொல்லுது. ஹப்புல இருந்த பிஸ்கட் முழுக்கத் தின்னாச்சு, வயலின் வாசிச்சு என் ஸ்டாஃப் ரெண்டு பேரை வெளிய ஓட்டியாச்சு. மரியாதையா எடுத்துட்டுப் போங்க. இந்த ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்ல, கேட்டோ!"